கிழக்கே மட்டும் ஓட்டிப் பார்த்தோம்

சின்னராசு இறந்த செய்தி வந்தபோது நான் பாலிடெக்னிக்கில் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். தேர்வு அறையில் போனை எடுக்கக் கூடாது. மேசைமேல் மூன்று முறை அது அதிர்ந்து அடங்கியது. நான்காவது முறை எடுத்துப் பார்த்தேன். தங்கமணி. சின்னராசுவின் மனைவி என்னிடம் நேரடியாகப் பேசுகிறவர் அல்ல. "டீச்சருங்க, அவுங்க போயிட்டாங்கங்க" என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அத்தனை முட்டாள்தனமான கேள்வியை என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன்கூடக் கேட்டதில்லை. அன்று காலை வேலந்தாவளம் சந்தைக்கு மாடு ஏற்றி வந்த வண்டி ஒன்று கிளம்பாமல் நின்றிருக்கிறது. பார்க்கப் போனவர் பானெட்டைத் திறந்து வைத்திருக்கிறார். கொஞ்சம் மூச்சு வாங்குது என்று சொல்லி வண்டிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்திருக்கவில்லை. நாற்பத்தேழு வயது.

அன்று மாலை அவர் வீட்டு வாசலில் கையில் மாலையோடு நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "நல்ல கைங்க. என்ன, அந்த மூணாறு வண்டிக்குக் கணக்குத் தப்பாச் சொல்லி ஒரு பொம்பள உசுரு போச்சு பாருங்க." "ஆமாங்க. அளக்கத் தெரியாத வேலைல எதுக்குங்க எறங்கோணும்?" கெட்ட எண்ணத்தில் சொன்னவர்கள் அல்ல. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொன்னார்கள். நான் மாலையைப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பி வந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய பட்டறையில் கார் விட்டவர்கள். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கணக்கைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதி எனக்குத் தெரியும். அதை எழுதாமல் அவருக்கு அஞ்சலி எழுதுவது அழுக்குத் துணியின் மேல் சென்ட் அடிப்பதுதான்.

நான் அவரிடம் போனது என் சொந்தக் காருக்காக. எல்லோரிடமும் இருக்கும் சின்ன பெட்ரோல் கார்தான். நாங்கள் நாலு பேர் ஏறி ஏசி போட்டால் நெல்லியாம்பதி மேட்டில் முதல் கியரை விட்டு மேலே போகாது. பின்னால் வரும் ஜீப்காரர்கள் ஹாரன் அடித்தே எங்களைத் தள்ளுவார்கள். பெரிய காராக வாங்கிவிடலாம் என்றார் என் கணவர். நகரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினுக்கு என்னென்னவோ மாட்டச் சொல்லி நீளமாகப் பட்டியல் கொடுத்தார்கள். உடன் வேலை பார்க்கும் ஒருவர், அதற்கு முன் சின்னராசுவிடம் ஒரு தரம் காட்டுங்கள் என்றார்.

அவர் பானெட்டையே திறக்கவில்லை. நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுழற்றிவிட்டார். பின்பக்க இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. "ஏனுங்க டீச்சர், குதிரைக்கு ஒரு காலக் கட்டிப் போட்டுட்டு சாட்டையால அடிக்கறீங்களே" என்றார். பிறகுதான் பானெட்டைத் திறந்தார். காற்று வடிகட்டி அடைத்திருந்தது, பிளக்குகள் தேய்ந்திருந்தன, எஞ்சினுக்குள் காற்று போகும் வாயில் கரி படிந்திருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு டயர் விலைகூட ஆகவில்லை. "புதுசாப் பலம் குடுக்கறதுக்கு முந்தி, களவு போற பலத்தப் புடிக்கோணுமுங்க" என்றார். அடுத்த வாரம் அதே மேட்டில் அதே நாலு பேரோடு இரண்டாம் கியரில் ஏறினோம். எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. நான் பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பாடம் நடத்துகிறவள். எதை எப்படி அளக்க வேண்டும் என்று சொல்லித் தருவதுதான் என் பிழைப்பு. என் சொந்தக் காரின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அப்படித்தான் நாங்கள் சேர்ந்தோம். டீசல் கார்களில் எஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர். அதைத் திறந்து கொஞ்சம் மாற்றி எழுதினால் குறைந்த வேகத்திலேயே எஞ்சின் நன்றாக இழுக்கும். டார்க் என்று நான் சொல்வதை அவர் இழுவை என்பார். புகையும் கரியும் குழாய்க் கசிவும் அவருக்குத் தெரியும், லேப்டாப் எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் நான் பட்டறைக்குப் போவேன். அரசுச் சம்பளம் வாங்குகிறவள் வெளியே வேலை பார்ப்பது விதிப்படி குற்றம். அதனால் வாடிக்கையாளர்களிடம் என்னை அவர் காட்டிக்கொடுக்கவே இல்லை. ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் என்னைத் தன் வண்டிக்குக் காத்திருக்கும் யாரோ ஒரு டீச்சர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உங்களில் சிலர் என்னிடம் மணிகூடக் கேட்டிருக்கிறீர்கள்.

அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பிரேக்கைச் சரிபார்க்காமல் எந்த வண்டியின் எஞ்சினையும் தொடமாட்டார். "நிக்கத் தெரியாத வண்டிக்கு ஓடறதுக்குச் சொல்லித் தரமாட்டனுங்க" என்பார். ஒரு நிலத் தரகர் வந்து, தன் கார் தெருவில் நுழையும்போதே சத்தம் கேட்க வேண்டும், அப்படி எதையாவது மாட்டிவிடு என்று நின்றார். "சத்தத்துக்கு என்னத்துக்குங்க எஞ்சினு? ரெண்டு செண்டை மேளக்காரங்களப் பின்னாடி சீட்டுல உக்கார வெச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார். தரகர் கோபத்தில் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். சின்னராசு அந்தக் கதவுச் சத்தத்தைக் கேட்டு, கீல் போகப்போவுது, அடுத்த மாசம் வருவாரு பாருங்க என்றார். வந்தார்.

இனி அந்தக் கணக்குக்கு வருகிறேன். வேலைக்கு முன்னும் பின்னும் வண்டி எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க வேண்டும் என்றது நான். அதுவரை அவர் காதாலும் காலாலும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அது விஞ்ஞானம் அல்ல என்றேன். நல்லேப்பிள்ளிப் பக்கம் வயல்களுக்கு நடுவே நேராக ஓடும் ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்தோம். தீவனக் கடையிலிருந்து நாலு புண்ணாக்கு மூட்டைகளை வாங்கி வந்து சீட்டில் உட்கார வைப்போம். அவற்றுக்கு சீட் பெல்ட்டும் போட்டுவிடுவார் சின்னராசு. மூன்றாம் கியரில் முப்பதிலிருந்து எழுபது கிலோமீட்டர் வேகத்துக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று நான் குறித்துக்கொள்வேன். சாலையின் மேற்கு முனையில் பள்ளிக்கூடமும் வேகத்தடையும் இருந்தன. எழுபதில் போய் அங்கே சட்டென்று நிறுத்த முடியாது. ஆகவே எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே மட்டும் ஓட்டினோம். காலையில் வண்டி வந்ததும் ஒரு ஓட்டம். பகலெல்லாம் வேலை. சாயங்காலம் வேலை முடிந்ததும் இன்னொரு ஓட்டம். இரண்டையும் கழித்து, இழுவை இவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். எழுதுவது நான், கொடுப்பது அவர்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஆனி தொடங்கி ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும். காலையில் இலை அசையாது. பத்து பதினொரு மணிக்குத் தொடங்கி சாயங்காலம் தென்னை மட்டைகளைப் பிய்த்துப் போடும். நாங்கள் முதல் ஓட்டத்தைக் காற்றில்லாத காலையில் ஓட்டினோம். இரண்டாம் ஓட்டத்தைக் காற்று முதுகில் வைத்துத் தள்ளும் சாயங்காலத்தில் ஓட்டினோம். பிறந்ததிலிருந்து அந்தக் காற்றிலேயே துணி காயப்போட்டு வளர்ந்ததால் அது அடிப்பதே எங்களுக்கு உறைக்கவில்லை. இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். பட்டறையில் அது என் நினைவுக்கே வரவில்லை.

மாடசாமி ஆடி மாதத்தில் வந்தார். மூணாறில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், குடியிருப்பவர், சொந்தமாக ஒரு சின்ன டீசல் கார் வைத்து ஓட்டுகிறார். அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மனைவியை அழைத்துப் போகும்போது அதே நோய்க்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஏற்றிக்கொள்வார். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் எஸ்டேட் பாதை செங்குத்து. மூன்று பேரோடு ஏறுவதற்கே வண்டி திணறியது. நான்காவதாக செல்லத்தாயி என்று ஒருவர் இருந்தார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர், நோய் வந்ததால் வேலையை விட்டவர். பேக்டரியில் வேலை செய்யும் மகள் அவரைத் தாங்கிப் பிடித்து அந்த மேட்டை நடத்தியே ஏற்றி பஸ்ஸில் கூட்டிப்போவாள். நல்லேப்பிள்ளியில் கட்டிக்கொடுத்த மைத்துனி சொல்லி மாடசாமி சின்னராசுவைத் தேடி வந்தார்.

"அண்ணே, மூணு பேர ஏத்துனாலே மேட்டுல மூச்சு முட்டுது. அந்தம்மா நடந்து ஏறுறதக் கண்ணு கொண்டு பாக்க முடியலண்ணே. நாலாவதா ஒரு ஆள ஏத்துற மாதிரி பண்ணிக் குடுத்தீகன்னா புண்ணியமாப் போகும்" என்றார். இரண்டு நாள் வண்டி எங்களிடம் இருந்தது. சின்னராசு கரியைச் சுரண்டினார், கிழிந்திருந்த காற்றுக் குழாயை மாற்றினார், நான் கம்ப்யூட்டரில் கைவைத்தேன். நாலில் ஒரு பங்கு இழுவை கூடியிருப்பதாக எழுதினேன். "மலைக்குப் போற வண்டிய மலைல ஒருக்கா ஏத்திப் பார்க்கோணுமுங்க டீச்சர்" என்றார் சின்னராசு. எண் இருக்கும்போது மலை எதற்கு என்றேன். மறுநாள் பேச்சியம்மாளுக்கு ஆஸ்பத்திரி முறை, மாடசாமிக்கும் அவசரம். "அப்ப நாலு பேர ஏத்தலாமாண்ணே?" என்று கேட்டார். சின்னராசு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஏத்தலாமுங்க என்று அவர் சொன்னார்.

ஆவணியில், நல்ல மழை நாள் ஒன்றில், நாலு நோயாளிகளோடு அந்த மேட்டில் முக்கால்வாசி ஏறியதும், அதுவரை எப்படியோ ஏறிக்கொண்டிருந்த வண்டி இழுக்காமல் நின்றது. பின்னால் உருளாமல் இருக்க மாடசாமி கிளட்சிலேயே பிடித்து நிறுத்தி மறுபடி மறுபடி ஏற்றப் பார்த்திருக்கிறார். கிளட்ச் கருகிப் புகை வந்தது. இறங்கித் தள்ளக்கூடிய உடம்பு யாருக்கும் இல்லை. எஸ்டேட் டிராக்டர் வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் அவர்கள் முறை தாண்டிவிட்டது. மற்ற மூன்று பேருக்கும் மறுநாள் காலையில் இடம் கிடைத்தது. செல்லத்தாயிக்கு அதற்கடுத்த நாள்தான் என்றார்கள். அவர் மறுநாள் மதியமே மூச்சுத் திணறி இறந்துபோனார்.

மாடசாமி போன் செய்தபோது நான் பட்டறையில் இருந்தேன். கையில் கிரீஸ் இருந்ததால் சின்னராசு ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணே, நீங்க நல்லாத்தேன் பண்ணிக் குடுத்தீக. நாந்தேன் பாழாக்கிட்டேன். ஓட்டத் தெரியாம ஓட்டி அந்தம்மாவக் கொன்னுபுட்டேன். இனிமே ஸ்டேரிங்கத் தொடமாட்டேன், வண்டிய வித்துரப்போறேன்" என்று அழுதார். எந்தக் கியரில் நின்றது என்று மட்டும் சின்னராசு கேட்டார். முதல் கியர் என்றார் மாடசாமி. போனை வைத்தபின் சின்னராசு என்னிடம், "மொதக் கியர்ல நின்னுருக்குதுங்க டீச்சர். நாம சொன்ன இழுவை இருந்தா மொதக் கியர்ல எப்புடீங்க நிக்கும்?" என்றார். மலையில் காற்று மெலிந்திருக்கும், எஞ்சின் கொஞ்சம் சோரத்தான் செய்யும் என்று ஏதோ சொன்னேன். அவர் அன்று சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், அந்தச் சோதனைச் சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். கைத்தறிப் புடவை விற்கும் ஒருவர் கேரியரில் மூட்டையோடு சைக்கிளில் கிழக்கே போனார். பெடலை மிதிக்காமல், இரண்டு கையையும் விட்டுவிட்டு பீடி பற்றவைத்தபடி போனார். சமதளச் சாலை. சின்னராசு முதலில் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு நின்றது. "அவுரு மிதிக்கவே இல்லீங்களே" என்றார். சைக்கிள் கண்ணுக்கு மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மூன்று நாள், தன்னுடைய பழைய காரை, கைவைக்காத எஞ்சினோடு, அதே மூட்டைகளோடு காலையிலும் சாயங்காலத்திலும் ஓட்டிப் பார்த்தார். ஒரு வேலையும் செய்யாத கார், ஒவ்வொரு சாயங்காலமும் இழுவை கூடியதாகக் கணக்குக் காட்டியது. நாங்கள் எழுதிக் கொடுத்த இழுவையில் பாதிக்கு மேல் காற்று.

அன்று நான் பேசியதை இப்போது எழுதவே எனக்குக் கூசுகிறது. "யாராவது வந்து கேட்டாளா? கேக்காதபோது நாமே வலியப் போய் எதுக்குச் சொல்லிண்டு? இனிமே ரெண்டு பக்கமும் ஓட்டிப் பார்ப்போம், அவ்வளவுதானே" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மாடசாமி தான் கொன்னுட்டதா நெனச்சுட்டு உக்காந்திருக்கறாருங்களே, அதுக்கு என்ன பண்றதுங்க?" என் வேலை போய்விடும் என்றேன். "உங்க பேரு எதுக்குங்க வருது? பட்டறை என்னுது" என்றார். கூட வருகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்பாரோ என்று பயந்து, அந்த வாரம் முழுவதும் தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருப்பதாக நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

மூணாறில் நடந்ததை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. காரியத்துக்கு வந்திருந்த மாடசாமி சொல்லித்தான் தெரியும். மழையில் நனைந்தபடி செல்லத்தாயியின் லயத்து வீட்டு வாசலில் நின்று, சுற்றிலும் இருந்தவர்கள் கேட்க, "இவரு ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்லீங்க. வண்டி இவ்வளவு இழுக்கும்னு நான் சொன்ன கணக்கு தப்புங்க" என்றாராம். மகள் வெளியே வந்து, "அளந்தது ஆரு?" என்று மட்டும் கேட்டாளாம். "நானுங்க" என்றாராம். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் அங்கேயே தங்கி, மாடசாமியின் வண்டிக்குப் புதுக் கிளட்ச் போட்டு, மூன்று பேரை ஏற்றி, மாடசாமியையே ஸ்டேரிங்கில் உட்கார வைத்து அந்த மேட்டில் ஏற்றிக் காட்டியிருக்கிறார். "எங்கைய எடுத்து ஸ்டேரிங்குல வச்சாருக டீச்சரம்மா. மூணு பேருக்கு மேல ஏத்தாதீக, ஆனா ஓட்டாம இருக்காதீகன்னாக. இன்னிக்கும் எம்பொஞ்சாதிய நாந்தேன் கூட்டிப்போறேன்" என்று மாடசாமி அழுதார்.

பிறகு, எங்கள் தாள் வாங்கிப்போன அத்தனை பேருக்கும் சின்னராசு போன் செய்தார். கிட்டே இருந்தவர்களை நேரில் போய்ப் பார்த்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். மலைக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் வருவது நின்றுபோனது. மிச்சம் இருந்தது சந்தைக்கு வரும் சரக்கு வண்டிகளும் பஞ்சர் வேலையும்தான். அவர் முகம் கறுத்து, மேட்டில் இரண்டு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியதைத் தங்கமணி கவனித்து டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார். போகவில்லை. எட்டு மாதம் அப்படிப் போனது.

இனி, ஊருக்குத் தெரியாத பாதி. வேலை முடிந்தபின் மாடசாமியின் வண்டியை நாங்கள் அளந்தது ஒரு முறை அல்ல, இரண்டு முறை. முதல் நாள் சாயங்காலம் தூறல் போட்டுக் காற்று அடங்கியிருந்தது. அன்றைய ஓட்டத்தில் இழுவை கொஞ்சம்தான் கூடியிருந்தது. அதுதான் உண்மையான அளவு. அந்த ஒரு நாள்தான் காற்று எங்களுக்குப் பொய் சொல்லாமல் இருந்தது. எனக்கு அந்த எண் பிடிக்கவில்லை. நான் கைவைத்த கம்ப்யூட்டர் இவ்வளவுதான் செய்தது என்பதை ஏற்க முடியவில்லை. ஈரத்தில் டயர் வழுக்கியிருக்கும் என்று சின்னராசுவிடம் சொன்னேன். ஒரு டீச்சர் சொன்னதை அவர் நம்பினார். மறுநாள் வெயிலும் காற்றுமாக இருந்தது. மறுபடி ஓட்டி, நான் எதிர்பார்த்த எண் வந்ததும் முந்தைய வரியை நோட்டில் பேனாவால் அடித்து, பக்கத்தில் பிழை என்று எழுதினேன். டயர் வழுக்கவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். சாலையில் புழுதி அடங்கும் அளவுக்குக்கூட அது நனைந்திருக்கவில்லை.

ஆகவே வேலந்தாவளத்திலும் நல்லேப்பிள்ளியிலும் மூணாறிலும் அவரை அறிந்தவர்களே, மாடசாமிக்குத் தப்பான கணக்கைக் கொடுத்தது சின்னராசு அல்ல. சரியான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடித்துவிட்டு, தப்பானதைக் கொடுத்தது நான். மலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் அவர், வேண்டாம் என்றவள் நான். வேலை போவதானால் போகட்டும். என் பெயரைக் கீழே போட்டிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை செல்லத்தாயியின் மகள் வீட்டுக்குப் போகிறேன். அவள் கதவைத் திறப்பாளா என்று தெரியவில்லை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதைத் தங்கமணியிடம் வாசித்துக் காட்டினேன். என்னைத் திட்டுவார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அடித்த வரியைப் பற்றிய இடம் வந்ததும் அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"அவுங்களுக்குத் தெரியுமுங்க" என்றார்.

சைக்கிள்காரரைப் பார்த்த அதே வாரம் சின்னராசு என் நோட்டைக் கேட்டு வாங்கிப் போயிருந்தார். பழைய ஓட்டங்களைப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு நாள் நான் தூங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அவர் கவனிக்கவில்லை என்று நினைத்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் மூணாறு போனார்.

"அந்த அடிச்ச வரியக் கொண்டாந்து எங்கிட்டக் காட்டுனாங்க. டீச்சரப் போயிக் கேளுங்கன்னு நாந்தான் சண்ட போட்டேன். கேட்டா சொல்றது வேற, அவிங்களாச் சொல்றது வேற தங்கோ, டீச்சர் சொல்லுவாங்க, பொறுன்னுட்டாங்க. ஒவ்வொரு சனிக்கெழமையும் ஊட்டுக்கு வந்ததும் நாங் கேப்பனுங்க, சொன்னாங்களான்னு. இன்னும் இல்லைம்பாங்க" என்றார் தங்கமணி.

சின்னராசு சொன்ன எத்தனையோ வார்த்தைகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பிறரும் வைத்திருப்பார்கள். என்னிடம் மட்டும் இருப்பது அவர் என்னை நம்பிக் காத்திருந்த அந்த எட்டு மாதம். அத்தனை சனிக்கிழமையும் நான் பட்டறைக்குப் போனேன். அவர் வாங்கி வைத்த டீயை அவர் எதிரிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டு, வரட்டுமா என்று சொல்லி எழுந்து வந்தேன்.

— விசாலாக்ஷி